கம்பியின் பக்கம்

ஆஸ்பத்திரியில் துணி தைக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன நோயாளிச் சட்டை, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அக்கா அங்கே சேர்ந்து பதினான்கு வருஷம். காலை ஆறு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். வார்டு ஆட்களிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் தையலக்கா. அவளை அக்கா என்று கூப்பிட உரிமையோடு பிறந்தவன் ஒரே ஒருவன், அவளைவிட ஐந்து வயது சின்ன தம்பி. ஒல்லியாக, நெட்டையாக இருந்ததால் சின்ன வயசிலேயே தெருவில் கம்பி என்று பேர் விழுந்தது. அப்பாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சொந்தப் பேர் சான்றிதழோடு நின்றுபோனது.

கம்பி வலைத்தளம் செய்கிறவன். கடை, பள்ளிக்கூடம், கம்பெனி என்று யார் கேட்டாலும் கம்ப்யூட்டரிலும் போனிலும் திறக்கிற மாதிரி பக்கங்கள் எழுதித் தருவான். ஒரு ஆபீசில் எட்டு வருஷம் இருந்தான். முதலில் இருட்டில் தடுமாறினான். பிறகு படி தவறினான். பிறகு ஒரு நாள், "குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்குக்கா" என்றான். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதற்கு மருந்தில்லை, மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும் என்றார். அம்மாவுடைய தம்பிக்கும் இதுதான் இருந்தது. மகனுக்கும் அது வந்ததைப் பார்க்காமலே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆபீசில் யாரும் கண்டுபிடிக்கும் முன்னால் கம்பி தானாகவே வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். அது நடந்து பதினான்கு மாசமாகிறது.

லாரி ஓட்டி ஓய்ந்த அப்பா அதைக் குருடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. யார் கேட்டாலும், "பார்வ கொஞ்சம் மங்கல்" என்பார். தினமும் காலையில் ஒரு சொட்டுமருந்துக் குப்பியோடு வந்து நிற்பார். அதை எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

குடியிருப்பது டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே சக்கரத்தின் திருகு கழற்றுகிற காற்றுத் துப்பாக்கி டர்ரென்று பாடும்போதெல்லாம் மேலே டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். பழகிவிட்டது.

அந்தக் கோடையில்தான் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதே நிர்வாகம் வேறொரு ஊரில் புதிய ஆஸ்பத்திரி திறக்கிறது. துணிப் பிரிவு முழுவதையும் அவள் பொறுப்பில் விடுகிறார்கள். இருக்க இடமும் உண்டு. பஸ்ஸில் பதினோரு மணி நேரம். பதில் சொல்ல இரண்டு மாசம் தந்திருந்தார்கள். அக்கா அதை மடித்து அலமாரியில் வைத்தாள். கம்பிக்கு ஒரு வேலை அமையாமல் அதை வெளியில் எடுப்பதாக இல்லை. அவள் சொல்லாமலே அவனுக்கும் அது தெரியும்.

வேலை தேடுகிறவன் கையில் காட்ட வேண்டியது அவனுடைய சொந்தத் தளம். செய்த வேலைகளை அடுக்கி, இன்னார் நான் என்று சொல்கிற பக்கம். கம்பியினுடையது ஐந்து வருஷம் முன்னால் செய்தது. அதை இருநூறு பேருக்கு அனுப்பியிருந்தான். ஒருவரும் கூப்பிடவில்லை. தாடி என்று பேர் விழுந்த பழைய ஆபீஸ் சிநேகிதன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பன் பொட்டலத்தோடு வந்து, சட்டையைத் தளர்த்திக்கொண்டு விசிறிக்கு நேராக உட்கார்ந்தான்.

"உன் சைட்ட என் போன்ல திறந்தேன்டா. டீ போட்டுக் குடிச்சிட்டு வந்து பாத்தேன். அப்பவும் என்னமோ சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"அது திறக்கற வரைக்கும் சுத்தறதுக்குன்னு நானே எழுதினது."

"அதத்தான் சொல்றேன். ஆள் எடுக்கறவன் முன்னாடி இந்த மாதிரி நூறு சைட் இருக்கும். உன் பம்பரம் சுத்தி ஓயட்டும்னு அவன் உக்காந்திருப்பானா? கறுப்புல சாம்பல் எழுத்து வேற. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு, எனக்கே படிக்க முடியல."

இரண்டு கண் என்றதும் தாடி நாக்கைக் கடித்துக்கொண்டான். கம்பி பன்னைப் பிய்த்தபடி, "மேல சொல்லு" என்றான்.

"பதினெட்டு வேல போட்டிருக்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம், ஒரு பேரு. அதுல நீ என்ன கிழிச்சன்னு ஒரு வரி இல்ல."

"பாத்தா தெரியாதா?"

"கட்டடத்தப் பாத்தா கொத்தனார் யாருன்னு தெரியுமா? மூணு வேல போதும். அவங்களுக்கு என்ன தொல்லை இருந்துச்சு, நீ என்ன செஞ்ச, செஞ்சப்புறம் என்ன ஆச்சு. அவ்வளவுதான். அப்புறம் இது என்னது, தெரிஞ்ச விஷயத்துக்கெல்லாம் சதவீதம் போட்டு வச்சிருக்க. தொண்ணூத்தஞ்சு சதவீதம் தெரியும்னா, தெரியாத அஞ்சு எதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அக்கா சிரித்துவிட்டாள். அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். "மீதி அஞ்ச நான் சொல்லித் தரேன்னு சொல்லு" என்றார்.

"போன் நம்பரக் கண்டுபிடிக்க எனக்கே நாலு நிமிஷம் ஆச்சு" என்று தாடி முடித்தான். "வேல வேணும்னு கேட்டு வீட்டுக் கதவப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்க நீ."

வழியனுப்ப அக்கா படியிறங்கி வந்தபோது அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கண்ணப் பத்தி அதுல எங்கயும் எழுதலயே."

"எழுதினா எவன் கூப்பிடுவான்?"

"கூப்பிட்டப்புறம் தெரியத்தானே போகுது."

"அப்ப பாத்துக்கலாம். மொதல்ல கூப்பிடட்டும்."

அன்றிலிருந்து இரண்டரை மணிக்கு அவள் வீடு வந்ததும் அதுதான் வேலை. வாசலில் செருப்பு, கையில் ஒரு டம்ளர் மோர், நேரே கம்பியின் மேஜை. அவனுக்கு அப்போது வலக்கண்ணில் ஒரு காசு அளவுக்குத் தெரிந்தது. எழுத்தை அதற்குள் கொண்டுவந்து கொண்டுவந்து படிக்கத் தலைவலி வரும். அதனால் கம்ப்யூட்டரில் எழுத்தை வாசித்துச் சொல்கிற ஒரு குரலை வைத்திருந்தான். மூக்கால் பேசுகிற பெண் குரல், குதிரை ஓடுகிற வேகம். அக்காவுக்கு ஒரு சொல் விளங்காது. "கண்ணுக்கு ஓய்வு குடுக்கத்தான்" என்பான் கம்பி. நிறமும் அளவும் அக்கா பொறுப்பு.

"இப்ப பின்னாடி என்ன கலர் இருக்கு?"

"பச்ச. ஆபரேஷன் அங்கிப் பச்ச."

"புதுசா, தொவச்சதா?"

"நாப்பது தடவ தொவச்சது."

"வேணாம். வெள்ளையே இருக்கட்டும். எழுத்து?"

"கருநீலம். வாட்ச்மேன் சட்டை. நல்லா எடுப்பா இருக்கு."

பதினெட்டில் பதினைந்து போயின. மரச்சாமான் கடை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, ரத்த வங்கி ஒன்று நின்றன. ரத்த வங்கியில் பேர் பதிய வருகிறவர்களிடம் இருபத்திரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். பாதியிலேயே ஓடிவிடுவார்கள். கம்பி அதை ஆறாகக் குறைத்தான். அடுத்த மாசம் பதிந்தவர்கள் இரண்டு பங்கு. அவன் சொல்லச் சொல்ல அக்கா ஒரு விரலால் தட்டினாள்.

"இத நீ மட்டுமா செஞ்ச?"

"நானும் தாடியும்."

"அப்ப ரெண்டு பேர்னு போடணும். இன்னொருத்தன் தச்ச துணிய என் தையல்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்."

"போடு."

நடுவில் ஒரு சமயத்திலிருந்து கம்பி நிறத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டான். "நீயே பாத்துப் போடுக்கா" என்பான். தன் கை தேறிவிட்டது என்று அவன் நினைப்பதாக அக்கா எடுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

புதுத் தளத்தை இணையத்தில் ஏற்றிய எட்டாம் நாள் ஒரு கம்பெனி கூப்பிட்டது. மருந்துக் கடைகளுக்குத் தளம் செய்து தருகிறவர்கள். ரத்த வங்கிக் கதையைப் படித்தோம், பிடித்திருந்தது, புதன்கிழமை பதினோரு மணிக்குக் கேமராவில் பேசலாம் என்றார்கள். அக்கா லீவு போட்டாள். அப்பா அவனுக்குத் தாமே சவரம் செய்துவிட்டார்.

ஏற்பாடு அக்காவுடையது. கேமராவுக்குத் தெரியாதபடி மேஜைப் பக்கத்தில் குட்டை முக்காலி போட்டுத் திரையைப் பார்த்து உட்காருவாள். அவர்கள் எதையாவது காட்டினால் மெல்லச் சொல்லுவாள். அவன் காது கூர்மை.

அப்பா சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பேசியவள் நடுத்தர வயசுக்காரி. பதவிசான பேச்சு. கம்பியும் கேட்டதற்கு மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை கிடைத்துவிடும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"சரி, எங்க பக்கம் ஒண்ணு காட்டறேன்" என்றாள் அவள். "மருந்து வாங்கறவங்க கடைசில பணம் கட்டாம போயிடறாங்க. பாத்ததும் உங்களுக்கு என்ன தோணுது?"

திரையில் ஒரு பக்கம் வந்தது. மேலே படம், கீழே நிறைய எழுத்து, ஓரத்தில் இரண்டு பட்டன். அக்கா வாயைத் திறந்தாள். அதே நொடியில் கீழே துப்பாக்கி பிடித்துக்கொண்டது. லாரிச் சக்கரம் போல, ஒவ்வொரு திருகாகக் கழற்றுகிறான். அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. நிற்கட்டும் என்று காத்தாள். நிற்கவில்லை. கம்பி காத்திருந்தான். அந்தப் பக்கம் அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அந்த நீல பட்டன் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா..." என்றான் கம்பி, கேட்டதாக நினைத்த எதையோ பிடித்துக்கொண்டு.

"நீல பட்டனா?"

"ஓரத்துல இருக்கறது."

"ரெண்டும் செவப்பு." அவள் குரலில் கோபம் இல்லை. "உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல மேடம்."

அக்கா முக்காலியில் குறுகினாள். முப்பத்தாறு வயசில், மேஜைக்குக் கீழே ஒளிந்த பிள்ளை மாதிரி.

"சரி. சொல்லி அனுப்பறோம்" என்றாள் அவள்.

யாரும் எதையும் சொல்லி அனுப்பப்போவதில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. கம்பி கேமராவை அணைத்தான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

"சத்தமா சொன்னா அவளுக்குக் கேக்காதா?"

"செவப்புன்னு ஒரு வார்த்த. அதுக்கென்ன மைக்கா வேணும்?"

"உனக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரியும்ல? நீயும் கொஞ்சம் பாத்திருக்கலாம்ல? எல்லாத்துக்கும் நானேன்னா எப்படிடா? காலைல ஆறு மணிலேந்து ஊசிக் கண்ண வெறிச்சிட்டு வரேன். வந்து உனக்கும் பாக்கறேன். நான் என்ன உன் மூக்குல மாட்டற கண்ணாடியா?"

கம்பி எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அப்பா சொட்டுமருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவு முன்னால் நின்றார். தட்டவில்லை.

மறுநாள் தாடி போன் செய்தான். "அக்கா, அவன் சைட் இல்ல. எடுத்துட்டான் போல."

மழை ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரித் துணி காயாமல் ஈர மூட்டையாகவே வந்தது. அக்கா ஈரத்தையே தைத்தாள். ஈரத்தில் ஊசி ஒடியும். வீட்டில் கம்பி மேஜையை உள் அறைக்கு மாற்றிக்கொண்டான். தட்டை வாங்கிக்கொள்வான், சாப்பிடுவான், கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அந்த மூக்குக் குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். என்னடா செய்கிறாய் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில், தைக்கிற அறையில் அவளுடைய போனுக்குத் தாடியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'பாருங்க' என்று ஒரு சொல், கீழே கம்பியின் தள முகவரி. தொட்டாள். தொட்ட கையை எடுக்கும் முன்பே பக்கம் வந்து நின்றது. படம் இல்லை. சுற்றுகிறது எதுவும் இல்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து.

'நான் வலைத்தளம் செய்கிறேன். எனக்குக் கண் தெரியாது. கண் தெரியாத ஒருவர் உங்கள் தளத்துக்கு வந்தால் எந்த இடத்தில் நின்றுபோவார் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் சரிசெய்து தருவேன்.'

அதன் கீழே போன் நம்பர். அதன் கீழே மூன்று வேலை. ரத்த வங்கியில் 'நானும் என் நண்பரும்' என்ற வரி அப்படியே இருந்தது.

அக்கா இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிள்ளைக் கட்டில் விரிப்பு பாதி தைத்தபடி கிடந்தது. அவளுக்கு வந்தது கோபம். காசு அளவுக்காவது தெரிகிறவன், ஒன்றுமே தெரியாது என்று எழுதியிருக்கிறான். இரக்கத்தைக் காட்டி வேலை பிடிக்கப் பார்க்கிறான். அவ்வளவு இறங்கிவிட்டானா?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. கதவைத் தள்ளினாள். கம்பி தட்டிக்கொண்டிருந்தான். குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்டா பொய் எழுதியிருக்க?"

"எது?"

"கண்ணே தெரியாதுன்னு. கொஞ்சம் தெரியுதுல்ல? ரெண்டு பேர் செஞ்சத ரெண்டு பேருன்னு போடத் தெரிஞ்சவனுக்கு இது தெரியலயா?"

கம்பி குரலை நிறுத்தினான். அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அணைத்து வைத்திருந்தான். மேலே தூசி படிந்திருந்தது.

"கரன்ட் வீணா போகுதேன்னு அணச்சிட்டேன்" என்றான்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "எப்பலேந்து?"

"போன மாசம் ஏழாந்தேதி. பல்லு தேச்சிக்கிட்டிருந்தேன். அந்தக் காசு இல்ல. சாயங்காலம் வரும்னு பாத்தேன். மறுநாள் பாத்தேன். அப்புறம் பாக்கல."

அவள் விரலை விட்டு எண்ணினாள். "அப்ப அந்த இன்டர்வியூ அன்னிக்கு?"

"ஒண்ணும் இல்ல. உன் குரல் ஒண்ணுதான்."

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். மழைத் தண்ணீரில் அது சளசளவென்று போனது. கண்ணாடியா என்று கேட்ட வாயை அக்கா முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா அந்த லெட்டரக் கிழிச்சிருப்ப."

"யாரு சொன்னது?"

"கிழிச்சிருக்கமாட்டியா?"

கம்பி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். சரியாகத் திரும்பவில்லை. அவளுக்கு வலப்புறம் இருந்த அலமாரியைப் பார்த்துப் பேசினான்.

"அன்னிக்கு அவங்க போனப்புறம் என் சைட்ட இந்தக் கம்ப்யூட்டர்க் குரல்காரியப் படிக்கச் சொன்னேன்க்கா. நீயும் நானும் செஞ்ச புதுச. படம், படம், பேரில்லாத பட்டன், படம்னு சொல்லிக்கிட்டே போறா. ரத்த வங்கிக்குள்ள போக வழியே இல்ல. என் வீட்டுக்குள்ள எனக்கே போக முடியல. எட்டு வருஷமா ஊருக்கெல்லாம் இப்படித்தான் கட்டிக் குடுத்திருக்கேன். கண்ணு தெரியாத ஆளு ஒருத்தன் வருவான்னு ஒரு நாளாவது நெனச்சேனா?"

வாசலில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து மேஜையைத் துடைத்தார். திரை மேலிருந்த தூசியையும் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து, "ரெண்டு சொட்டு விட்டுக்கடா" என்றார். கம்பி தலையை அண்ணாந்து கொடுத்தான். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

அந்தப் பக்கத்தை அறுபது இடத்துக்கு அனுப்பினான். இரண்டு பதில் வந்தன. முதலாவது, உங்கள் தன்னம்பிக்கை எங்களை நெகிழவைத்தது, வாழ்த்துகள் என்றது. அதை அந்தக் குரல் வாசித்து முடித்ததும், "நெகிழ்ந்தா வேல குடுக்கவேண்டியதுதானே" என்றான் கம்பி. அப்பா, "நெகிழ்ந்து எங்கயாவது விழுந்திருப்பான்" என்றார். மருந்துக் கடைக் கம்பெனியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இரண்டாவது பதில் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்குகிற ஒரு அலுவலகத்திடமிருந்து வந்தது. தளத்தில் விண்ணப்பிக்க முடியவில்லை என்று கண் தெரியாத மூன்று பேர் அவர்கள்மேல் புகார் கொடுத்திருந்தார்களாம். மூன்று மாசத்துக்கு, அரை நாள் வேலை. அதற்குமேல் எந்த உறுதியும் தர முடியாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

"மூணு மாசம் கழிச்சு?" என்றாள் அக்கா.

"மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"நான் போகலடா."

"அப்ப எதுக்குக்கா நான் இதெல்லாம் பண்ணேன்?" அவன் குரல் உயரவில்லை. "நீ இங்கயே உக்காந்து எனக்குக் கலர் சொல்லிக்கிட்டிருந்தா, நான் உன்ன விடமாட்டேன். எனக்கு என்னப்பத்தித் தெரியும். போயிடு."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி ஆபீசில் வருகிறேன் என்று எழுதிக்கொடுத்தாள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் கம்பி, டிக்கெட்டை நான்தான் போடுவேன் என்றான். மத்தியானம். மழை விட்டு வெயில் உறைத்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து பெட்டிக்குத் துணி மடித்தாள். பஸ் கம்பெனியின் தளத்தைத் திறந்து, கிளம்புகிற ஊர், போகிற ஊர், தேதி எல்லாவற்றையும் குரலைக் கேட்டுக் கேட்டுப் போட்டான்.

"எத்தன பேருன்னு கேக்குது."

அக்கா மடிப்பதை நிறுத்தினாள்.

"ஒருத்தர்" என்று அவனே சொல்லிக்கொண்டு தட்டினான்.

அதற்கு அப்புறம் இருக்கை வந்தது. அங்கே நின்றுவிட்டான். குரல், படம் என்றது. மறுபடியும், படம். நாற்பது இருக்கையும் ஒரே படமாக இருந்தது. முன்னால் போனான், பின்னால் வந்தான், முதலிலிருந்து ஆரம்பித்தான். அக்கா எழுந்திருக்கப் போனாள். "இரு" என்றான். அரை மணி நேரம் போனது. கழுத்தில் வேர்வை வழிந்தது. கடைசியில் கையை மேஜைமேல் வைத்துவிட்டான்.

"முடியல. திரையப் போட்டுக்க. நீயே எடுத்துக்க."

அக்கா வந்து திரையைப் போட்டாள். அவன் தோளுக்கு மேலே குனிந்து மவுஸைப் பிடித்தாள். காலியாயிருந்த இருக்கைகள் வெள்ளையாக இருந்தன.

"எது எடுத்த?"

"ஜன்னல் ஓரம். முன்னாடியிலேந்து நாலாவது வரிச."

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கம்."

"மத்தியானம் கெளம்பி வடக்க போற வண்டி அக்கா. எடப்பக்கம் பூரா வெயிலு மூஞ்சில அடிக்கும்" என்றான் கம்பி. "வலப்பக்கம் மாத்திக்க."

அவள் மாற்றினாள்.